‘கர்த்தர் என்னை மறந்துட்டாரா?’ என்று கேட்கும் 91 வயது அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 91 வயது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் அவர் குடும்ப ஜெபம் நடத்தாத இரவு கிடையாது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் என் தம்பி மாரடைப்பில் போய்விட்டான்; வயது 52. அதிலிருந்து அப்பா ஒடுங்கிவிட்டார். ஜெபத்தில் வார்த்தை தடுமாறியது. வேதாகமத்தில் வசனம் தேட முடியவில்லை. சிரமப்பட வேண்டாமே என்று ஜெபத்தை நானே நடத்தத் தொடங்கினேன். சில வாரங்களில் அவர் ஜெபத்துக்கு வந்து உட்காருவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு ஆராதனைக்கும் வருவதில்லை. “கர்த்தர் என்னை மறந்துட்டாரா? ஏன் இன்னும் வெச்சிருக்கார்?” என்கிறார். ஆனால் அதிகாலை நாலு மணிக்கு முழங்காலில் நிற்பதையும் வாரம் ஒருநாள் உபவாசத்தையும் விடமாட்டேன் என்கிறார். அவருடைய விசுவாசம் தளர்ந்துவிட்டதா? முழங்காலையும் உபவாசத்தையும் தடுக்கலாமா? அடுத்த மாதம் 92 பிறக்கிறது. நன்றி ஆராதனை வைக்கலாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் என்ன செய்ய?

முதியோர் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விசுவாசம் போனவர் ‘கர்த்தர் என்னை மறந்துட்டாரா’ என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வேதாகமத்தில் 13-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் அது தொடங்குகிறது. அறுபது எழுபது வருடம் சங்கீதம் வாசித்தவர் துக்கம் நெஞ்சை அடைக்கும்போது எந்த மொழியில் பேசுவார்? தனக்குத் தெரிந்த அந்த மொழியில்தான் பேசுகிறார். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் என்று சாவைக் கேட்டார். மோசேயும் ஒரு நாள் கேட்டார். இவர்களை அவிசுவாசிகள் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் அப்பாவையும் நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். அவரிடம் “அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா, பாவம்” என்று வாயை அடைக்கவும் வேண்டாம்.

அடுத்ததாக ஒரு மருத்துவனாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆவிக்குரிய சோர்வு என்று குடும்பமும் சபையும் பெயர் வைத்துவிடும் பல நிலைகளுக்குப் பின்னால் மருந்தால் குணமாகக்கூடிய மனச்சோர்வு நோய் இருக்கிறது. முதியவர்களிடம் அது அழுகையாக வெளிப்படுவது குறைவு. எதிலும் நாட்டமில்லை, பசியில்லை, எடை குறைகிறது, பேச்சு சுருங்குகிறது, உடம்பு முழுக்க ஏதோ வலி என்கிறார்கள். உங்கள் கடிதத்தில் இதில் சில தெரிகின்றன. நாலு மணிக்கு விழிப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வயதானால் உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்ந்துவிடும்; சீக்கிரம் தூங்கி சீக்கிரம் எழுவது இயல்பு. எழுந்ததும் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். தெளிவாக எழுகிறவர் என்றால் அது பழக்கம். அந்த நேரம்தான் நாளிலேயே பாரமான நேரம், பொழுது ஏற ஏறக் கொஞ்சம் தேறுகிறார் என்றால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும்.

முதியோருக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு மனச்சோர்வு அளவுகோல் இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பத்து நிமிடம்கூட ஆகாது. அதோடு ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சோடியம் இந்த நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சில மாத்திரைகளே மனதை மந்தமாக்கும். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கினால் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகலாம். மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று அப்பா நினைத்தால் போதகரைப் பேசச் சொல்லுங்கள். என் அனுபவத்தில், போதகர் சொல்லி மாத்திரை எடுத்துக்கொண்ட முதியவர்கள் நான் சொல்லி எடுத்துக்கொண்டவர்களைவிட அதிகம்.

‘கர்த்தர் என்னை எடுத்துக்கொள்ளட்டும்’ என்ற பேச்சை 90 வயதுக்காரர்கள் பலரிடம் நான் கேட்கிறேன். பயணத்துக்கு மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பவரின் பேச்சு அது. ஆனால் சாப்பாட்டையோ மருந்தையோ வேண்டுமென்றே மறுக்கிறார், மாத்திரைகளைச் சேர்த்து வைக்கிறார், தானே முடித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பக்தியுள்ளவர் அப்படிச் செய்ய மாட்டார் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்து காதும் கண்ணும். தாவீது ராஜா எருசலேமுக்கு வரச்சொல்லி அழைத்தபோது 80 வயது பர்சிலா என்ன சொல்லி மறுத்தார் தெரியுமா? சாப்பிடுவதும் குடிப்பதும் ருசிக்கவில்லை, பாடுகிறவர்களின் சத்தம் இனி எனக்குக் கேட்குமா என்றார். இரண்டாம் சாமுவேல் 19-ல் இருக்கிறது. முதுமையைப் பற்றி நான் படித்த மிகச் சுருக்கமான நோயாளிக் குறிப்பு அதுதான். வயதில் வரும் செவிக்குறைவில் உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். ‘ச’, ‘த’ போன்ற மெய்யெழுத்துகள் மங்கி உயிரொலி மட்டும் நிற்கும். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. ஒலிபெருக்கி முழங்கும் பெரிய ஆலயத்தில் பிரசங்கம் அவருக்கு வெறும் இரைச்சல். நீங்கள் கண்ணை மூடித் தலைகுனிந்து ஜெபிக்கும்போது உதட்டசைவும் தெரியாது. அப்பா ஆராதனையை வெறுத்துவிட்டார் என்று முடிவு கட்டுமுன் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, கேட்கும் திறனைச் சோதித்து, தேவையானால் காதுக் கருவி வாங்கிக் கொடுங்கள். கருவியைப் போட்ட அன்றே பழகிவிடாது. அமைதியான அறையில் தினம் கொஞ்ச நேரமாகப் பழக்கி, சில வாரம் கழித்து ஆலயத்துக்குக் கூட்டிப்போங்கள்.

வசனம் தேட முடியவில்லை என்கிறீர்கள். அது மறதியாகவும் இருக்கலாம், கண்புரையாகவும் இருக்கலாம், விழித்திரையின் நடுப்பகுதி தேய்வதாகவும் இருக்கலாம். இந்தக் கடைசி நிலையில் ஓரப்பார்வை இருக்கும். நடமாடுவார், ஆளை ஓரளவு அடையாளம் காண்பார். ஆனால் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்தே மறையும். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் படிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். வெட்கத்தினால் அவர் வீட்டில் சொல்லவேயில்லை. அப்பாவைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரிய எழுத்து வேதாகமமும் ஒலி வேதாகமமும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. அதையெல்லாம்விட, பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது இன்னும் நல்லது.

முழங்காலும் உபவாசமும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஜெபத்தைத் தடுக்காதீர்கள், விழுவதைத் தடுங்கள். 91 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது கடினம். முழங்காலிலிருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் முதியவர்கள் அதிகம். படுத்திருக்கும்போது ஒருமுறையும், நின்ற பிறகு முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 இறங்கினால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். அதுவரை கட்டிலருகே கைப்பிடியுள்ள கனமான நாற்காலி ஒன்றும் இரவு விளக்கு ஒன்றும் வையுங்கள். அப்பா மனம் ஒப்பவில்லையா? எபிரெயர் 11:21-ஐ வாசித்துக் காட்டுங்கள். யாக்கோபு தன் கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டான் என்று இருக்கிறது. ஆதியாகமம் 48-ல் அதே யாக்கோபு கட்டிலில் எழுந்து உட்கார்ந்துதான் பேசுகிறார். தேவனோடு போராடித் தொடைச் சந்து சுளுக்கிய மனிதர் அவர். முழங்காலில் நிற்கவில்லை என்று யாரும் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை.

உபவாசத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுப்பவரானால் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூடப் பட்டினி கூடாது. இந்த வயதில் சர்க்கரை தாழ்ந்தால் வியர்வையோ படபடப்போ இல்லாமல் நேரே குழப்பமும் மயக்கமும் வரலாம். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை எடுப்பவர் தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் அதுவும் ஆபத்து. அவர் உபவாசிக்க விரும்பும் நாளில் உணவைத் தவிர வேறொன்றை ஒதுக்கி வைக்கலாமே என்று போதகரும் அவரும் பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் தட்டை நீட்டிச் சண்டை போடுவது வேண்டாம்.

இதெல்லாம் செய்ய வேண்டியவை. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதுதான் அப்பாவின் முகம் எங்கே திரும்புகிறது என்று எனக்குப் புரிந்தது. ‘நன்றி ஆராதனை’ என்ற சொல்லில்.

நான் மருத்துவத்துக்கு வந்த புதிதில் 90 வயதுப் பெரியவர் ஒருவரைப் பரிசோதித்துவிட்டு, “ஐயா, ஆண்டவர் உங்களை ஆசீர்வதிச்சிருக்கார், நூறு வருஷம் இருப்பீங்க” என்றேன். அவர் பொலபொலவென்று அழுதுவிட்டார். மகளைப் பறிகொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது என்பதை அவர் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றையிலிருந்து அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எண்ணிப் பாருங்கள். நீண்ட ஆயுள் ஆசீர்வாதம் என்று எல்லாரும் அப்பாவிடம் சொல்கிறார்கள். தாய் தகப்பனைக் கனம்பண்ணுகிறவனுக்கு நீடித்த நாட்கள் என்ற வாக்குத்தத்தத்தை அவரே உங்களுக்குச் சிறு வயதில் மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அப்படியானால் 52 வயதில் போன மகன் என்ன தவறு செய்தான்? அவனுக்கு ஏன் அந்த ஆசீர்வாதம் இல்லை? அவனுடைய வருடங்களை நான் எடுத்துக்கொண்டேனா? வெளியே சொல்ல மாட்டார். ஆனால் பிள்ளையை முந்தவிட்ட பெற்றோர் அநேகர் இந்தக் கணக்கை ராத்திரியில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பக்திக்கும் ஆயுளுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. 2016-ல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு 74,534 பெண் செவிலியர்களைப் பதினாறு வருடம் பின்தொடர்ந்தது. வாரம் ஒருமுறைக்கு மேல் ஆராதனைக்குப் போனவர்களிடம் இறப்பு, ஒருபோதும் போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவு. கலிஃபோர்னியாவின் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை ஆண்கள் அங்குள்ள மற்ற வெள்ளையின ஆண்களைவிட சராசரியாக 7.3 வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2001-ல் வெளியான ஆய்வு சொல்லியது. புகையில்லை, காய்கறி உணவு, உடலுழைப்பு என்று காரணங்களும் கண்டார்கள். உங்கள் அப்பாவின் 91 வருடத்தில் இப்படி ஒழுங்கான வாழ்க்கைக்கும் ஒரு பங்கு இருக்கும். ஆனால் இவையெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. ஒரு வீட்டில் ஒருவர் 91-ல் இருக்க இன்னொருவர் 52-ல் ஏன் போனார் என்று எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. ஆயுளைப் பக்திக்குக் கிடைத்த சம்பளமாக அப்பாவிடம் பேசுகிறவர்களை மென்மையாக நிறுத்துங்கள். வேதமும் அவர்கள் பக்கம் இல்லை. எழுபது எண்பது வருடத்தின் மேன்மையே ‘வருத்தமும் சஞ்சலமும்’ என்கிறது 90-ம் சங்கீதம். 130 வயது யாக்கோபு எகிப்து ராஜா பார்வோன் முன் நின்று, என் நாட்கள் கொஞ்சமும் சஞ்சலமுமானவை என்றார். பன்னிரண்டு மகன்களைப் பெற்ற பக்தர் அதைச் சொன்னார்.

வீட்டில் தம்பியின் பெயரை எடுக்கிறீர்களா? அப்பா உடைந்துவிடுவார் என்று அந்தப் பெயரையே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அவர் அந்தப் பெயரோடு தனியாக இருக்கிறார். மகன் யோசேப்பு இறந்துவிட்டான் என்று யாக்கோபு தவறாக நம்பியபோது அவருடைய பிள்ளைகள் எல்லாரும் திரண்டு வந்து தேற்றினார்கள். அவர் ஆறுதலுக்கு இடங்கொடுக்கவில்லை. தேற்றப் போகாதீர்கள். “தம்பி சின்ன வயசுல எப்படிப்பா இருந்தான்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். அழட்டும். நீங்களும் அழலாம், அவன் உங்களுக்கும் தம்பி.

அப்பா சுற்றிச் சுற்றிப் பழையதையே சொன்னாலும் நிறுத்த வேண்டாம். முதியவர் கடந்த வாழ்க்கையைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதை மூளைத் தளர்ச்சி என்று ஒதுக்கிய காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963-ல், அது முதுமைக்கே உரிய அவசியமான வேலை, வாழ்ந்ததை எடுத்து அடுக்கிப் பார்த்து ஒப்புரவாகும் வேலை என்று எழுதினார். ஆதியாகமம் 48-ஐ வாசிக்கும்போது எனக்கு அவர் நினைவுதான் வரும். யாக்கோபு பேரன்மார் விஷயத்தைப் பேசிக்கொண்டே வருகிறார். திடீரென்று நடுவில், வழியிலே மனைவி ராகேல் செத்துப்போனாள், எப்பிராத்துக்குப் போகும் வழியில் அடக்கம்பண்ணினேன் என்கிறார். சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். எத்தனையோ வருடத்துக்கு முந்தைய துக்கம் அது. யோசேப்பு குறுக்கே பேசவில்லை.

இனி, உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கக்கூடிய ஒன்று. அப்பா ஜெபத்துக்கு வராமல் போனது நீங்கள் ஜெபத்தைக் கையில் எடுத்த சில வாரங்களில். நீங்களே அந்த வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனைவி போய், மகன் போய், கண்ணும் காதும் போய், கடைசியாக அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த இடம் அந்தப் பத்து நிமிடம்தான். வார்த்தை தடுமாறினால் தடுமாறட்டும். யோசேப்பு தன் பிள்ளைகள் இருவரையும் தகப்பனிடம் கொண்டுவந்தபோது கிழவர் கைகளைக் குறுக்கே மாற்றிப் போட்டார். வலதுகை இளையவன் எப்பிராயீமின் தலைமேல். கண் தெரியாமல் தப்பாக வைத்துவிட்டார் என்று யோசேப்பு அந்தக் கையைப் பிடித்து மூத்தவன் மனாசேயின் தலைக்கு நகர்த்தப் பார்த்தார். அதற்கு அந்தத் தகப்பன் சொன்னதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்: “எனக்குத் தெரியும், என் மகனே, எனக்குத் தெரியும்.”

முழு ஜெபத்தையும் திரும்ப அவர் தலையில் வைக்க வேண்டாம். அது இப்போது பாரமாகிவிடலாம். நீங்கள் வாசியுங்கள், பிள்ளைகள் பாடட்டும். அவர் மனப்பாடமாகப் பாடிய பழைய பாட்டுகளாக இருக்கட்டும். சிறு வயதில் பதிந்த பாட்டும் சங்கீதமும் நினைவு தளர்ந்த பின்னும் நெடுநாள் நிற்கும். முதல் அடியை எடுத்துக் கொடுத்தால் மீதி தானாக வரும். முடிவில் ஆசீர்வாதம் மட்டும் அப்பா கூறட்டும். மூன்று வரி போதும். ஜெபத்துக்கு அவர் வராவிட்டால் எல்லாருமாக அவர் அறைக்குப் போய், கட்டிலைச் சுற்றி உட்காருங்கள். காலையில் வேலைக்குப் போகுமுன் “அப்பா, இன்னைக்கு எனக்கு இந்தக் காரியம் இருக்கு, ஜெபிச்சுக்கங்க” என்று ஒரு விஷயத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாலையில் வந்து என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். கண்டிப்பாகச் சொல்லுங்கள், பலர் கேட்டுவிட்டு மறந்துபோகிறார்கள், அவர் நாள் முழுக்கக் காத்திருக்கிறார். ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்ற அவருடைய கேள்விக்கு நானோ நீங்களோ வாயால் பதில் சொல்ல முடியாது. காலை நாலு மணிக்குச் சொல்ல அவருக்கு நாலு பெயர் இருக்கட்டும்.

போதகரை வரவழைத்து வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். ஆலயத்துக்கு வர முடியாதவர்களுக்குப் பெரும்பாலான சபைகளில் இது உண்டு. கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை.

பிறந்தநாள். பெரிய ஆராதனை இந்த வருடம் வேண்டாம். மேடை, சால்வை, வாழ்த்துப் பேச்சு, ‘இன்னும் பல்லாண்டு’ எதுவும் வேண்டாம். வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்; வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். அன்று மாலை பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் அருகில் போகட்டும். தலையில் கைவைத்து, பெயர் சொல்லி ஆசீர்வதிக்கக் கேளுங்கள். பெயர் மாறிப்போனால் திருத்தாதீர்கள். யாக்கோபு எகிப்தில் வாழ்ந்த கடைசிப் பதினேழு வருடத்தில் யோசேப்பின் அந்த இரண்டு பையன்களைப் பார்த்து, இவர்கள் என்னுடையவர்கள் என்று தன் பிள்ளைகளாகவே எழுதிக்கொண்டார். உங்கள் தம்பிக்குப் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால், தூரத்தில் இருந்தாலும் வரச்சொல்லுங்கள். முதலில் அவர்களை அவர் முன்னால் நிறுத்துங்கள்.